பணம் முதலிலா, சாவி முதலிலா?

பழைய கார் ஒன்றைத் தனி நபரிடமிருந்து வாங்கப் போகிறவர் எஞ்சின் ஓசை, மறுபெயின்ட் அடித்த தடம், டயரின் தேய்மானம், ஓடிய கிலோமீட்டர் என்று வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார். தெரிந்த மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு போகிறார். பணத்தை எப்படிக் கொடுப்பது என்பதை மட்டும், விலை படிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார். கிளட்ச் தேய்ந்த வண்டியை வாங்கிவிட்டால் நட்டம் ஒரு பகுதிதான். வண்டி கையில் இருக்கும், செலவழித்துச் சரிசெய்துகொள்ளலாம். பணம் தவறான கணக்குக்குப் போய்விட்டால் சரிசெய்வதற்கு எதுவுமே மிஞ்சுவதில்லை.

வாங்குகிறவரும் விற்கிறவரும் முன்பின் அறியாதவர்கள். பணம் வந்து சேராமல் சாவியையும் கையெழுத்திட்ட படிவங்களையும் கொடுக்க விற்பவருக்கு மனம் வராது. அவை கைக்கு வராமல் பணத்தை அனுப்ப வாங்குபவருக்கும் மனம் வராது. இரண்டு பேருடைய தயக்கமும் நியாயமானதே. ‘கையில் காசு, வாயில் தோசை’ என்கிற கணக்கு சின்னக் கொடுக்கல் வாங்கலுக்குப் பொருந்தும். காரின் விலையோ வங்கிகளுக்கு நடுவே பயணப்படும் பணம். காரின் உரிமையோ பதிவு அலுவலகத்தின் ஏட்டில் மாற வேண்டியது. இரண்டும் ஒரே நொடியில் கைமாறுவதில்லை. தனியார் கார் விற்பனையில் நடக்கும் பண மோசடிகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளிக்குள்தான் நுழைகின்றன.

எனவே எந்தக் கட்டண முறையை எடுத்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டாக வேண்டும். பணம் உண்மையில் யாருக்குப் போகிறது? அது எந்த நேரத்தில் இறுதியாகிறது? தவறு நேர்ந்தால் திரும்பி வர வழி இருக்கிறதா? இதில் ஒரு முரணும் உண்டு. திரும்பப் பெற முடியாத பணம் விற்பவருக்கு நிம்மதி, வாங்குபவருக்கு ஆபத்து. திரும்பப் பெறக்கூடிய பணம் வாங்குபவருக்கு நிம்மதி, விற்பவருக்கு ஆபத்து. இருவருக்கும் ஒரே அளவில் பாதுகாப்பான கருவி என்று ஒன்று தனியாக இல்லை. காரியங்கள் எந்த வரிசையில், எந்த இடத்தில் நடக்கின்றன என்பதில்தான் பாதுகாப்பு பெரும்பாலும் அடங்கியிருக்கிறது.

முதல் கேள்விக்கான விடை வங்கியில் தொடங்குவதில்லை, வண்டியின் காகிதங்களில் தொடங்குகிறது. பதிவுச் சான்றில் உள்ள பெயர், எதிரே நிற்பவரின் அடையாள அட்டையில் உள்ள பெயர், பணம் போகப்போகும் வங்கிக் கணக்கின் பெயர் ஆகிய மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். ‘என் மைத்துனர் கணக்குக்குப் போட்டுவிடுங்கள், என் கணக்கில் ஏதோ பிரச்சினை’ என்று விற்பவர் சொன்னால், அது உண்மையாகவே இருந்தாலும், அந்தப் பிரச்சினை தீரும்வரை காத்திருப்பதே சரி. இறந்துபோனவரின் வண்டியை வாரிசு விற்பது, நிறுவனத்தின் வண்டியை ஊழியர் விற்பது போன்ற நேர்வுகளில் பெயர்கள் மாறுபடுவது இயல்பு. அப்போது அந்த அதிகாரத்தைக் காட்டும் ஆவணத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். சான்றில் அச்சாகியிருக்கும் சேசிஸ் எண்ணை வண்டியின் உடலில் பொறித்திருக்கும் எண்ணோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுவதும் இதில் சேரும்.

பெயர் பொருந்திவிட்டாலே உரிமை உறுதியாகிவிடாது. பிரிட்டனில் வழங்கப்படும் வி5சி என்ற பதிவு ஆவணம், தான் உரிமைச் சான்று அல்ல என்று தன்மீதே அச்சிட்டிருக்கிறது. வண்டியை வைத்திருப்பவராகப் பதிவானவர் யார் என்பதை மட்டுமே அது சொல்கிறது. தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் மற்றவருக்குத் தர முடியாது என்பது பல நாடுகளின் சட்டங்களிலும் உள்ள பழைய கோட்பாடு. திருட்டு வண்டியை முழு விலை கொடுத்து, முறையான ரசீது பெற்று வாங்கியிருந்தாலும் உண்மையான உரிமையாளர் வந்து கேட்டால் பொதுவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

கடன் நிலுவையில் உள்ள வண்டி இதைவிட அடிக்கடி எதிர்ப்படும் சிக்கல். இந்தியாவில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் பதிவுச் சான்றிலேயே ஹைப்போதிகேஷன் (கடனுக்கு ஈடு) என்ற குறிப்போடு இருக்கும். கடன் தீர்ந்த பிறகும் அந்தக் குறிப்பை நீக்க, நிறுவனத்தின் தடையின்மைச் சான்றோடு படிவம் 35-ஐப் பதிவு அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2012 முதல் பிபிஎஸ்ஆர் என்ற தேசியப் பதிவேடு இயங்குகிறது. வண்டியின் அடையாள எண்ணைக் கொடுத்துத் தேடி, கடன் எதுவும் பதிவாகவில்லை என்ற சான்றிதழைப் பெற்று, அன்றோ மறுநாளோ வண்டியை வாங்கிவிட்டால், பின்னர் தலைதூக்கும், கடன் கொடுத்தவரிடமிருந்து பொதுவாகப் பாதுகாப்பு கிடைக்கும். தேடலின் தேதிக்கும் பணம் கொடுக்கும் தேதிக்கும் இடையே இப்படிச் சட்டமே முடிச்சுப் போட்டிருப்பது கவனிக்க வேண்டியது. போன மாதம் பார்த்த சான்று இன்றைய பணத்துக்குக் காவல் அல்ல.

கடன் இருக்கிறது என்று தெரிந்தும் வாங்குவதாக இருந்தால், முழுத் தொகையையும் விற்பவர் கையில் கொடுத்துவிட்டு ‘நாளைக்கே கடனை அடைத்துவிடுகிறேன்’ என்ற சொல்லை நம்பிக்கொண்டிருப்பது பெரிய பிழை. இன்று கணக்கை முடிக்க எவ்வளவு கட்ட வேண்டும், அந்தத் தொகை எந்தத் தேதிவரை செல்லும் என்று கடன் கொடுத்த நிறுவனத்திடமிருந்து எழுத்தில் பெற்று, அந்தத் தொகையை நேரடியாகக் கடன் கணக்கிலேயே செலுத்த வேண்டும். மீதியில் ஒரு பகுதியை, தடையின்மைச் சான்று கைக்கு வரும்வரை நிறுத்திவைத்துக்கொள்வதாக இருவரும் முன்கூட்டியே எழுதிக்கொள்ளலாம்.

இனி, நேரில் போய் வண்டியைப் பார்த்து, உரிமையாளரோடு பேசி, காகிதங்களையும் சரிபார்த்த பிறகும் ஏமாற்றிவிடுகிற ஒரு முறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் ‘வண்டியை நேரில் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள்’ என்ற வழக்கமான அறிவுரை இங்கே பயன்படுவதில்லை. ஒருவர் தம் காரை விற்க இணையத்தில் விளம்பரம் போடுகிறார். மோசடிக்காரர் அந்தப் படங்களை எடுத்து, குறைந்த விலை குறித்து, தம் சொந்த எண்ணோடு வேறொரு விளம்பரம் போடுகிறார். அதைப் பார்த்து ஒருவர் அழைத்ததும் இரண்டு பக்கமும் கதை தொடங்குகிறது. உண்மையான உரிமையாளரிடம், ‘விலை எனக்குச் சம்மதம், என் பங்காளி ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கிக்கு ஈடாக இந்த வண்டியைக் கொடுக்கிறேன், அவர் வந்து பார்ப்பார், அவரிடம் விலையைப் பற்றிப் பேச வேண்டாம்’ என்கிறார். வாங்க வருபவரிடம், ‘வண்டி என் உறவினர் வீட்டில் நிற்கிறது, அவரிடம் விலையை மட்டும் கேட்காதீர்கள், குடும்பக் கணக்கு’ என்கிறார்.

இரண்டு நல்ல மனிதர்கள் ஒரு காரின் இருபுறமும் நிற்கிறார்கள். பானெட்டைத் திறந்து காட்டுகிறார் ஒருவர். மற்றவர் ஆயில் குச்சியை இழுத்துப் பார்க்கிறார். இருவரும் விலையைத் தவிர எல்லாவற்றையும் பேசுகிறார்கள். வாங்குபவர் சற்றுத் தள்ளிப் போய்த் தொலைபேசியில் சொல்லப்பட்ட கணக்குக்குப் பணத்தை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து சாவியைக் கேட்கிறார். உரிமையாளர் தம் கணக்கைப் பார்க்கிறார், எதுவும் வரவில்லை. அப்போதுதான் இருவருக்கும் விளங்குகிறது, ஆனால் ஒருவரையொருவர்தான் மோசடிக்காரர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பிரேசிலில் காவல்துறையினரும் செய்தித்தாள்களும் இதை ‘இடைத்தரகர் மோசடி’ என்றே பெயரிட்டு எச்சரிக்கும் அளவுக்கு இது பரவியிருக்கிறது. இதற்கு மருந்து எளிது. வண்டிக்கு அருகே நிற்பவரிடம், அவர் வாயாலேயே, விலை எவ்வளவு, பணம் எந்தக் கணக்குக்கு என்று கேட்டுவிட வேண்டும். விலையைப் பேசாதே என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே முதலில் பேச வேண்டியது விலைதான்.

வங்கிப் பரிமாற்றத்துக்கு வருவோம். என் கருத்தில் தனியார் விற்பனைக்கு இதுவே பொதுவாக ஏற்றது. தடயம் இருக்கிறது, கள்ளநோட்டுப் பயம் இல்லை, தொகை விற்பவரின் கணக்கில் ஏறியதை அவர் உடனே பார்க்கலாம். இதன் பழைய பலவீனம், வங்கிகள் நீண்டகாலம் கணக்கு எண்ணை மட்டுமே பார்த்தன, பெயரைப் பார்க்கவில்லை என்பது. யார் பெயரை எழுதினாலும் எண்ணுக்கு உரியவருக்கே பணம் போனது. இந்த ஓட்டையை இப்போது பல நாடுகள் அடைத்து வருகின்றன. பிரிட்டனின் பெரிய வங்கிகள் 2020-இல் பெயர் சரிபார்ப்பைத் தொடங்கின. யூரோ நாணயப் பகுதியில் 2025 அக்டோபர் 9 முதல் இது கட்டாயம். இந்தியாவில் ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் என்ற வங்கிப் பரிமாற்ற முறைகளுக்குக் கணக்குதாரரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் ஏற்படுத்தும்படி ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அனுப்பும் முன் திரையில் வரும் பெயரைப் படிக்காமல் ‘சரி’ என்று அழுத்துபவருக்கு இந்த ஏற்பாடுகளால் பயன் ஒன்றும் இல்லை.

பரிமாற்றம் முடிந்தபின் அதை அனுப்பியவர் தாமாக ரத்து செய்ய முடியாது. திரும்பக் கேட்டு வங்கி விண்ணப்பிக்கலாம். பெற்றவர் சம்மதிக்காவிட்டாலோ, பணம் அதற்குள் வேறு கணக்குகளுக்கு நகர்ந்துவிட்டாலோ அந்த விண்ணப்பத்தால் பயனில்லை. பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுத் தாமே பணத்தை அனுப்பிவிட்டவருக்கு 85,000 பவுண்ட் வரை வங்கிகள் ஈடு கொடுக்க வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. ஆனால் அது மோசடிக்குத்தான். உண்மையான விற்பவர் பழுதான வண்டியைக் கொடுத்துவிட்டார் என்ற தகராறு அதில் அடங்காது. இத்தகைய ஈட்டு விதி இல்லாத நாடுகளில், உடனடியாக வங்கிக்கும் காவல்துறைக்கும் தெரிவிப்பது ஒன்றே வழி; அங்கே நிமிடங்களும் கணக்கில் வரும்.

நடைமுறையில் பலரும் தடுக்கி விழுவது வேறோர் இடத்தில். வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தொலைபேசியைத் திறந்தால், ஒரு நாளில் அனுப்பக்கூடிய உச்சவரம்பு குறுக்கே நிற்கிறது; புதிதாகச் சேர்த்த பெறுநருக்குச் சில மணி நேரம் பெரிய தொகை அனுப்ப முடியாது என்று வங்கி சொல்கிறது. பிறகு ‘பாதியை இதில், மீதியை அண்ணன் கணக்கிலிருந்து’ என்று அவசர ஏற்பாடுகள் தொடங்குகின்றன. பிழைகள் அந்த அவசரத்தில்தான் நிகழ்கின்றன. வரம்பை உயர்த்துவதையும் பெறுநரைச் சேர்ப்பதையும் இரண்டு நாள் முன்னதாகவே செய்துவிட வேண்டும். ஒரு சிறு தொகையை அனுப்பி வந்து சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்வதும் நல்லது. ஆனால் அது கணக்கு எண் சரி என்பதை மட்டும் காட்டும், கணக்குக்கு உரியவர் நேர்மையானவர் என்பதைக் காட்டாது.

விற்பவருக்கும் ஒரு சொல். பணம் அனுப்பியதாகக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டும், வங்கியிலிருந்து வந்ததுபோன்ற குறுஞ்செய்தியும் பணம் அல்ல. எவரும் சில நிமிடங்களில் செய்துவிடக்கூடிய படங்கள் அவை. தம் வங்கிச் செயலியைத் தாமே திறந்து, இருப்பு ஏறியிருப்பதைப் பார்த்த பிறகே சாவியை நீட்ட வேண்டும். ‘முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து உங்கள் ரகசிய ‘பின்’ (PIN) எண்ணைப் போடுங்கள்’ என்று சொல்பவரிடம் பேச்சை அப்போதே முடித்துக்கொள்ளலாம். யுபிஐ போன்ற முறைகளில் பணம் பெறுவதற்கு அந்த ரகசிய எண் தேவையே இல்லை. பணம் வரப்போவதாகச் சொல்லி அதைக் கேட்கிற எந்தத் திரையும் பணத்தை வெளியே அனுப்புகிற திரைதான்.

காசோலையும் வரைவோலையும் இன்னும் புழங்குகின்றன. பெரிய தொகைக்கு வங்கியே பொறுப்பேற்றுக் கொடுக்கும் வரைவோலை, பணத்துக்குச் சமமானது என்ற மதிப்பைப் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருக்கிறது. மோசடிக்காரர்கள் விற்பது இந்த மதிப்பைத்தான். அமெரிக்காவில், வங்கியே எழுதித் தரும் கேஷியர் காசோலையை உரியவர் நேரில் தம் கணக்கில் செலுத்தினால், பொதுவாக அடுத்த வேலைநாளே அந்தத் தொகையை எடுக்க வங்கி அனுமதிக்க வேண்டும் என்பது விதி. தொகை எடுக்கக் கிடைத்துவிட்டது என்பதற்கும் காசோலை உண்மையானது என்று உறுதியாகிவிட்டது என்பதற்கும் இடையே சில வாரங்கள்கூடப் போகலாம். போலி என்று பின்னர் தெரிந்தால் வங்கி அந்தத் தொகையைக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளும். அதற்குள் வண்டி எங்கோ போயிருக்கும். விலையைவிடக் கூடுதலான தொகைக்குக் காசோலை கொடுத்து, ‘மிச்சத்தை வண்டி ஏற்றிச் செல்பவருக்கு அனுப்பிவிடுங்கள்’ என்று கேட்பதும் இதே இடைவெளியைப் பயன்படுத்துகிற தந்திரம்தான்.

பிரான்சில் 2009 முதல் வங்கிக் காசோலைகளுக்குப் பொதுவான நீர்க்குறி உண்டு. இந்தியாவில் 2018 செப்டம்பர் 15 முதல் வரைவோலையை வாங்கியவரின் பெயர் அதன் முகப்பிலேயே அச்சாகிறது. இவை உதவும், ஆனால் காகிதத்தைப் பார்த்தே முடிவு செய்துவிடக் கூடாது. வழங்கிய வங்கிக் கிளையைத் தொடர்புகொண்டு எண்ணையும் தொகையையும் கேட்க வேண்டும்; அப்படிக் கேட்கும்போது வரைவோலையில் அச்சிட்டிருக்கும் தொலைபேசி எண்ணைத் தவிர்த்து, வங்கியின் எண்ணைத் தனியே தேடி எடுக்க வேண்டும். போலியைத் தயாரித்தவர் எண்ணையும் சேர்த்தே தயாரித்திருப்பார். இதைவிடச் சிறந்தது, வாங்குபவரின் வங்கிக்கு விற்பவரும் கூடப் போய், கவுன்டரில் அது எழுதப்படுவதைக் கண்ணால் பார்ப்பது.

ரொக்கத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உடனே இறுதியாகும், ஆனால் தடயம் இல்லை, கள்ளநோட்டு உண்டு, பெருந்தொகையோடு முன்பின் தெரியாத இடத்துக்குப் போகிற ஆபத்தும் உண்டு. சட்டமும் குறுக்கிடுகிறது. இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் ஒரே பரிவர்த்தனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவது தடை. பெற்றவர்மேல் அதே தொகை அபராதமாக விழலாம். நான்கு நாளில் பிரித்து வாங்கினாலும் ஒரே வண்டிக்கான பணம் ஒரே பரிவர்த்தனைதான். இத்தாலியில் 2023 முதல் தனி நபர்களுக்கு இடையிலும் ரொக்கம் 5,000 யூரோவைத் தொடக் கூடாது. ரொக்கம்தான் என்று முடிவானால் வங்கிக்குள்ளேயே எண்ணிக் கொடுத்து, அங்கேயே விற்பவரின் கணக்கில் கட்டச் செய்வது இருவருக்கும் நல்லது.

தூரத்தில் உள்ள வண்டிக்கு, பணத்தை நடுவில் ஒருவரிடம் ஒப்படைத்து, வண்டி வந்து சேர்ந்ததும் விடுவிக்கச் சொல்லும் எஸ்க்ரோ முறை உண்டு. கொள்கையளவில் யார் முதலில் கொடுப்பது என்ற சிக்கலைத் தீர்க்கும் முறை இதுதான். அதனாலேயே போலி எஸ்க்ரோ இணையதளங்கள் ஏராளம். மறுபக்கத்தவர் அனுப்பிய இணைப்பின் வழியாக அந்தத் தளத்துக்குள் நுழையக் கூடாது. உரிமம் உள்ளதா என்று ஒழுங்குமுறை அமைப்பின் பட்டியலில் தாமே தேடிப் பார்க்க வேண்டும். பெரிய நிறுவனங்களின் பெயரைச் சொல்லி ‘வாங்குபவர் பாதுகாப்பு உண்டு’ என்று மின்னஞ்சல் அனுப்புவதும், தொலைவில் பணியில் இருக்கும் படைவீரர் என்று சொல்லிக்கொள்வதும் மிகப் பழைய கதைகள். பேபால் நிறுவனத்தின் வாங்குபவர் பாதுகாப்பு மோட்டார் வாகனங்களுக்குப் பொருந்தாது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

முன்பணம் கேட்பதில் தவறில்லை. பிறருக்கு விற்காமல் வண்டியை நிறுத்திவைப்பதற்கு அது விலை. ஆனால் வண்டியைப் பார்த்த பிறகே, இழந்தாலும் தாங்கக்கூடிய சிறு தொகையாகவே அது இருக்க வேண்டும். எந்த வண்டி, மொத்த விலை எவ்வளவு, எந்தத் தேதிவரை, மெக்கானிக் குறை கண்டுபிடித்தாலோ கடன் இருப்பது தெரியவந்தாலோ பணம் திரும்புமா என்று நான்கு வரி எழுதி இருவரும் கையெழுத்திட்டால் போதும். ‘இன்னும் மூன்று பேர் காத்திருக்கிறார்கள்’ என்று அவசரப்படுத்துபவரிடம், அந்த மூன்று பேரில் ஒருவருக்கே கொடுத்துவிடச் சொல்லலாம்.

எல்லாம் கூடி வரும் நாளில் இடமும் வரிசையும் இப்படி இருப்பது நல்லது. வேலைநாளின் காலை வேளையில், விற்பவரின் வங்கிக் கிளையில் சந்திக்கிறார்கள். வண்டி வாசலில் நிற்கிறது. பதிவுச் சான்றின் மூலப் பிரதி, அடையாள அட்டைகள், உரிமை மாற்றப் படிவங்கள் மேசைமேல் விரிகின்றன; இந்தியாவில் என்றால் படிவம் 29-உம் 30-உம். விற்பவர் கையெழுத்திடுகிறார், ஆனால் காகிதங்கள் மேசையிலேயே இருக்கின்றன. வாங்குபவர் திரையில் பெயரைச் சரிபார்த்துப் பணத்தை அனுப்புகிறார். வர ஒரு நிமிடமும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். அதுவரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். தொகை ஏறியதை விற்பவர் தம் கணக்கில் பார்த்ததும் காகிதங்களும் இரண்டு சாவிகளும் கைமாறுகின்றன. விற்பனை ரசீதில் பதிவு எண், சேசிஸ் எண், தொகை, பரிமாற்ற எண், இருவர் பெயர், முகவரி ஆகியவற்றோடு தேதியும் மணியும் எழுதப்படுகின்றன. அன்று மாலை அந்த வண்டி சாலையில் எதன்மேலாவது மோதினால், அது யாருடைய கையில் இருந்தது என்று கேள்வி எழும்போது, மணி எழுதியிருக்கும் அந்த ஒரு வரியை விற்பவர் எடுத்துக் காட்டலாம்.